பட்டத்துப் பசுவும் இருபத்தொரு மருவும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மாடு வாய் திறந்து பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்த காலத்தில், கரட்டூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. ராஜ்யம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ராசா அரண்மனை வாசலில் நின்று தும்மினால் நாலு எல்லையிலும் கேட்கும். நாற்பது வீடு, நூறு மாடு, ஒரு ராசா, ஊருக்குப் பின்னால் கரடு என்று சொல்கிற ஒரு மொட்டைக் குன்று. அவ்வளவுதான்.

ஆனால் பால்? அந்தப் பாலைச் சொல்லியாக வேண்டும். செம்பில் பீச்சினால் நுரை விளிம்பு தாண்டி நிற்கும். பூனைகள்கூட ஆடையை ஒதுக்கிவிட்டுத்தான் குடிக்கும்.

அந்தப் பாலுக்குக் காரணம் தங்கள் வழக்கம்தான் என்று கரட்டூர்க்காரர்கள் நம்பினார்கள். வழக்கம் இதுதான். விடிந்ததும் அரண்மனைத் தொழுவத்தில் நிற்கும் பட்டத்துப் பசுவை முதலில் கறக்க வேண்டும். கறந்த கையைக் கழுவக் கூடாது, துடைக்கவும் கூடாது. அந்த ஈரத்தோடே வீடு வீடாகப் போய், ஒவ்வொரு மாட்டின் காம்பிலும் மூன்று பீச்சு பீச்ச வேண்டும். அரண்மனை மடியின் அதிர்ஷ்டம் அந்த ஈரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் போகுமாம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர்கள் தங்கள் மாட்டைத் தொடலாம். தொழுவத்து வாசலில் ஆள் உயரக் கல் ஒன்றை நட்டு இதை வெட்டியும் வைத்திருந்தார்கள்: ‘பட்டத்து மடியே முதல் மடி. தொட்ட கை கழுவாதே.’ மீறினால் தலையை எடுக்க மாட்டார்கள், கரட்டூர் அவ்வளவு கொடுமையான ஊரில்லை. இரண்டு கையையும் தோல்பைக்குள் விட்டு மணிக்கட்டோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ஆயுசுக்கும் பிரிக்க மாட்டார்கள்.

அந்த அதிர்ஷ்டக் கைக்குச் சொந்தக்காரி நாச்சாயி. முப்பது வயது, தனிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் அவளும் செவலை என்கிற அவளுடைய மாடும்தான். கூடவே வருசத்துக்கு ஒரு கன்று.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை ஆரம்பித்து வைத்தது செவலைதான்.

“ஏ நாச்சாயி! என் கன்னு கத்துறது காதுல விழுதா?”

“விழுது. பட்டத்துப் பசு இன்னும் எந்திரிக்கலையே.”

“அது எந்திரிக்கிற வரைக்கும் பசி கையக் கட்டிக்கிட்டு நிக்குமா? அதுக்கு நடு மதியம் வரைக்கும்கூடத் தூக்கம் வரும். அது ராசா மாடு. இது பசிச்ச கன்னு.”

நாச்சாயி யோசித்தாள். எழுந்து முகம் கழுவி, கை கழுவி, கன்றை ஊட்டவிட்டு, செவலையை அங்கேயே கறந்து முடித்தாள். பிறகுதான் அரண்மனைக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. ஏழு வருசமாக அப்படியே. கன்று மாறியது, பசி மாறவில்லை. யாருக்கும் தெரியாது. செவலைக்குத் தெரியும், செவலை சொல்லாது.

இப்படி இருக்கும்போதுதான் கரட்டின் உச்சிக் குகைக்கு நெடுநகன் என்கிற மந்திரவாதி வந்து சேர்ந்தான்.

பெயருக்கேற்ற ஆள். பத்து விரலிலும் முழ நீளத்துக்கு நகம். அதில் தண்ணீர் பட்டுப் பல வருசம் ஆகியிருந்தது. அவனுக்குப் பால் என்றால் உயிர். ஆனால் ஒரு மாடும் அவனை அண்டவிடாது, அந்த நகத்தைப் பார்த்தாலே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அதனால் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். நேரே அரண்மனைக்குப் போனான்.

“வேலப்ப ராசா! உங்க பட்டத்துப் பசுவுக்கு ஒரு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறேன்.”

வேலப்ப ராசா கெட்டவர் இல்லை. யார் எதைச் சத்தமாகச் சொன்னாலும் அதை நம்பிவிடுவார், அதுதான் அவரிடம் இருந்த குறை. “பண்ணுங்க, பண்ணுங்க” என்றார்.

நான்கு பேர் பட்டத்துப் பசுவைப் பிடித்துக்கொள்ள, நெடுநகன் ஒரே ஒரு நகத்தின் நுனியால் ஒரே ஒரு காம்பைத் தொட்டான். போய்விட்டான்.

மூன்றாம் நாள் அந்தக் காம்பில் கடுகளவு மரு ஒன்று கிளம்பியது. அடுத்த வாரம் மிளகளவு. அடுத்த மாதம் சுண்டைக்காயளவு. அதைச் சுற்றிக் குட்டி குட்டியாக இருபது மரு. ஆக இருபத்தொன்று. கறக்கும்போது வலி தாங்காமல் பசு காலை உதறியது.

ராசா பதறிப்போய் நெடுநகனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“மருவா? யாரு சொன்னா மருன்னு? இது மகுடம் ராசா! மடியில மகுடம் வெச்ச மாடு மூணு உலகத்துலயும் இது ஒண்ணுதான். யாரும் நோண்டிடாதீங்க.”

ராசாவுக்கு வாயெல்லாம் பல். மகுடம் வந்ததற்காக ஊருக்கே பாயசம் கொடுத்தார்.

அடுத்த மாதம் மாராக்கா வீட்டுக் காரியின் காம்பில் ஒரு மரு. மாராக்கா என்றால் நாச்சாயிக்குப் பக்கத்து வீடு. குரலைத் தாழ்த்திப் பேச அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “எங்க காரிக்கும் மகுடம் வந்துருச்சு!” என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அவளைத் தொடர்ந்து எதிர்வீட்டுக்காரி வந்தாள், மேலத்தெரு வந்தது, கீழத்தெரு வந்தது. எல்லார் வீட்டு மாட்டு மடியிலும் மகுடம்.

நெடுநகன் சிரித்தான். “அரண்மனை மடியில வந்தா மகுடம். குடியானவன் மடியில வந்தா சாபம். இதுகூடத் தெரியாதா?”

“ஒரே உருண்டை, அங்க மகுடம், இங்க சாபமா?” என்று கேட்டது நாச்சாயி மட்டும்தான். கேட்டவளை ஊர் முறைத்துப் பார்த்தது.

பால் குறைந்தது. செம்பு அரைச் செம்பானது, அரைச் செம்பு உழக்கானது. ஏனென்றால் ஒவ்வொரு மருவும் ஒரு குட்டி வாய். மடியில் பால் ஊற ஊற அது உள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியது கரட்டின் மேல் நெடுநகனுடைய கொப்பரையில் போய்ச் சொட்டும். ஊருக்கு இது தெரியாது. அடியோடு வற்றிப்போன மாடுகளை, “மேல ஓட்டி விடுங்க, சாபம் கழிச்சுத் தர்றேன்” என்றான் அவன். ஓட்டிவிட்டார்கள். கரட்டில் ஏறிய மாடு ஒன்றும் இறங்கவில்லை. முப்பது மாடு ஏறியது. மொட்டையாக இருந்த கரட்டின் மேல் முப்பது கரும்பாறைகள் புதிதாக முளைத்திருந்தன.

ஒருநாள் மாராக்காதான் அதைக் கவனித்தாள். ஊரில் எல்லா மாட்டுக்கும் மரு இருக்கிறது. ஒரே ஒரு மாட்டுக்கு இல்லை.

“செவலையோட மடியைப் பாருங்க! வழவழன்னு வெண்ணெய் மாதிரி இருக்குது. ஏண்டி நாச்சாயி, ஊர் மாட்டையெல்லாம் தொட்டவ நீ. தொட்ட மாட்டுக்கெல்லாம் மரு. உன் மாட்டுக்கு மட்டும் எப்படிடி இல்லாமப் போச்சு?”

ஊர் கூடியது, ராசா வந்தார், நெடுநகனும் வந்தான். “இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் ராசா? சூனியக்காரி. கையைத் தெச்சு விடுங்க. அந்தச் செவலையை மேல ஓட்டி விடுங்க.”

“என்ன நாச்சாயி, நீ என்ன சொல்றே?” என்றார் ராசா.

நாச்சாயிக்கு வாய் வரை வந்தது. ஆனால் எதைச் சொல்வது? செவலையிடம் மட்டும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கே தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னால், அதாவது ஏழு வருசமாகப் பட்டத்து மடிக்கு முன்னால் தன் மாட்டைக் கறக்கிறாள் என்று சொன்னால், அதற்கும் கை தைக்கப்படும். சொன்னாலும் தையல், சொல்லாவிட்டாலும் தையல். அவள் செவலையைப் பார்த்தாள். செவலை அசைபோடுவதை நிறுத்தியிருந்தது.

“என் கையில இருந்துதான் போச்சுன்னா, என் கையாலயே போக வெக்கிறேன்” என்றாள். “மொதல்ல உங்க பட்டத்துப் பசுவையே எடுத்துக்கறேன். மூணு வாரச் சந்தை கூடிக் கலையட்டும். அதுக்குள்ள அந்த இருபத்தொண்ணும் விழலைன்னா, ஊசி நூலோட வாங்க. நானே கையை நீட்டறேன்.”

“மகுடத்தைக் கழட்டறதா!” என்று நெடுநகன் துள்ளினான்.

“மகுடம்னா கழட்டி மாட்டறதுதானுங்களே ராசா? நீங்க படுக்கறப்ப கழட்டறதில்லையா?”

ராசா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அது... சரி. மூணு சந்தை.”

நாச்சாயியைப் பட்டத்துப் பசுவோடு அரண்மனைத் தொழுவத்தில் போட்டுப் பூட்டினார்கள். செவலையை வெளியே கரட்டுக்குப் போகும் பாதையில் கட்டினார்கள், தயாராக இருக்கட்டும் என்று.

தொழுவத்தின் மூலையில் இன்னொரு உயிரும் இருந்தது, வெள்ளச்சி என்கிற கிழட்டுக் குதிரை. ராசா தன் கல்யாணத்துக்கு அதன்மேல்தான் ஊர்வலம் போனார், அதற்கப்புறம் அதை மறந்துவிட்டார். மதிய வெயிலில் ஈயை விரட்டிக்கொண்டு நின்ற வெள்ளச்சி, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாச்சாயியைப் பார்த்து மூக்கால் சிரித்தது.

“சிரிக்கிற நேரமா இது?”

“எனக்கு வேற பொழப்பு என்ன இருக்கு? என்மேல ஏறிப் போனவங்க யாரு யாருன்னு எனக்குத் தெரியும். ராசா ஏறினாரு, மந்திரி ஏறினாரு, ஒருதரம் ஒரு மூட்டை புளி ஏறிச்சு. நீ தினமும் வீடு வீடாப் போறியே, உன் கைமேல ஏறிப் போறது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“என் கைமேல யாரு ஏறுவா?”

“காது இருந்தாக் கேளு. எனக்குக் காது பெருசு, மாசக்கணக்கா இதைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கறேன்.”

நாச்சாயி பட்டத்துப் பசுவின் அருகில் குனிந்து, மடியோடு காதை வைத்தாள். முதலில் பால் ஊறும் சத்தம். அதற்கு அடியில், கொசு பாடுவது போல இருபத்தொரு சின்னக் குரல்:

*தொட்ட கையே, கழுவாதே!*
*ஏறிப் போறோம், இறக்காதே!*
*தொட்ட கையே, கழுவாதே!*

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். செவலையிடம் போகும்போது இது எந்தக் கை? காலையில் முகத்தோடு சேர்த்துக் கழுவின கை. ஊர் மாடுகளிடம் போகும்போது எந்தக் கை? பட்டத்துப் பசுவின் ஈரம் சொட்டும் கை. நெடுநகன் தொட்டது ஒரே ஒரு மாட்டை. மிச்சத் தொண்ணூற்றெட்டையும் தொட்டது கரட்டூரின் வழக்கம். வழக்கத்தைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாகப் போனது அவள் கை. வழக்கத்தை மீறின ஒரே ஒரு வீட்டில்தான் மாடு நன்றாக இருக்கிறது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. எழுந்து தண்ணித் தொட்டிக்குப் போய், முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள்.

மருக்கள் கீச்சிட்டன. “கழுவாதே! கல்லுல எழுதியிருக்கு! கழுவாதே!”

“கழுவுவேன். துடைப்பேன். அப்புறம்தான் தொடுவேன்” என்றாள் நாச்சாயி.

பிறகு வெள்ளச்சியின் பின்பக்கமாகப் போய் நின்றாள்.

“ஏன் என் வாலைப் பார்க்கறே?”

“மனுசங்களுக்குக் கழுத்துல மரு வந்தா அதைச் சுத்திக் குதிரைமுடி கட்டுவாங்க இல்லையா? நாளுக்கு நாள் இறுக்கினா, தீனி போகாமச் சுருங்கி, காஞ்சு தானா விழுந்துரும். மனுசனுக்கு விழறது மாட்டுக்கு விழாதா?”

“அதுக்கு வேற குதிரையைப் பாரு. எனக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த வால் ஒண்ணுதான்.”

“இருபத்தொரு முடி. எண்ணி எடுத்துக்கறேன்.”

“ஒண்ணு கூடுச்சு, உதைப்பேன்.”

எண்ணி எடுத்தாள். ஒவ்வொரு முடியையும் தொழுவத்து அடுப்பில் சுடவைத்த வெந்நீரில் அலசி, ஒவ்வொரு மருவின் கழுத்திலும் சுற்றி, பசுவுக்கு நோகாமல் ஒரு முடிச்சு. பட்டத்துப் பசு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. “மகுடம், மகுடம்னு சொன்னவங்க ஒருத்தராவது எனக்கு வலிக்குதான்னு கேட்டாங்களா?” என்று அது முதன்முதலாக வாயைத் திறந்தது. “நீ இறுக்கு. நான் பொறுத்துக்கறேன்.”

முதல் சந்தை கூடுவதற்குள் குட்டி மருவில் ஏழு காய்ந்து உதிர்ந்தது. காவலாளிடம் கேட்டு வாங்கிய வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, வெண்ணெயில் குழைத்து, விழுந்த இடத்தில் தடவினாள்.

அப்போது சுண்டைக்காய் மரு, எல்லாவற்றுக்கும் தாயான அந்த மரு, நெடுநகனின் குரலில் பேசியது. “நாச்சாயி, முடிச்சை அவுத்து விடு. மூணு சோடி தங்க வளையல் தர்றேன்.”

“கழுவுவேன். துடைப்பேன். அப்புறம்தான் தொடுவேன்” என்று சொல்லி அவள் இன்னொரு சுற்று இறுக்கினாள். “வளையல் போட்டுக்கிட்டு மாடு கறந்தா காம்புல இடிக்கும். அதுகூடத் தெரியாத நீயெல்லாம் ஒரு மந்திரவாதி.”

மறுநாளே ராசாவின் உத்தரவு வந்தது, நெடுநகன் காதில் ஓதிய உத்தரவு: தொழுவத்துக்குள் பொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. பசுவையும் குதிரையையும் வெளியே ஓட்டிப்போய்க் குடிக்க விடுவார்கள். நாச்சாயிக்கு மண்கலயத்தில் மோர், அதுவும் காவலாள் கண்ணெதிரே குடிக்க வேண்டும். தண்ணித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். மருக்கள் கும்மியடிக்காத குறை. “இப்ப எதுல கழுவுவே? இப்ப எதுல கழுவுவே?”

நாச்சாயி சுற்றும் முற்றும் பார்த்தாள். தொழுவத்துக்குப் பின்புறம், வேலிக்குள்ளேயே, முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் வளர்ந்து கிடந்தது. மார்கழிப் பனி. ஒவ்வொரு தாளிலும் துளி துளியாகத் தொங்கியது. விடியலில் போய் இரண்டு கையையும் புல்லுக்குள் விட்டு அளைந்தாள். கை சில்லென்று நனைந்து சொட்டியது. அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள், மறுபடி பனியில் அலசி முந்தானையில் துடைத்தாள்.

“கழுவிட்டேன்” என்றாள். “துடைச்சுட்டேன். இப்பத் தொடப் போறேன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. மாராக்கா. வேடிக்கை பார்த்துத் திட்டிவிட்டுப் போக வந்திருந்தாள்.

“என்னடி பண்ணுறே, புல்லுக்குள்ள கையவிட்டு? சூனியமா?”

“ஆமாக்கா. கை கழுவுற சூனியம். இங்க வந்து தரையப் பாருங்க.”

மாராக்கா வேலி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தரையில் மிளகு கொட்டினாற்போலக் காய்ந்த மருக்கள். பதினாறு. பசுவின் மடியில் அவை இருந்த இடம் வழவழவென்று கிடந்தது. மாராக்கா வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தம் வரவில்லை.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நாளைக்குக் காரியைத் தொடறதுக்கு முன்னால கையக் கழுவுங்க. மரு இல்லாத காம்பை மொதல்ல கறங்க, மரு இருக்கறதைக் கடைசியா. எட்டு நாள் செஞ்சு பாருங்க. அப்புறமா வந்து என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன்.”

“கல்லுல போட்டிருக்குதேடி...”

“மரு கல்லுக்கா வந்துது?”

மாராக்கா வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மூன்றாம் சந்தையும் வந்தது. இருபது மரு விழுந்திருந்தது. தாய் மரு மட்டும் விழவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் பாதி சுருங்கும், விடிந்தால் பழையபடி உப்பும். ஆனால் ஒன்றை நாச்சாயி கவனித்து வைத்திருந்தாள். பனி சொட்டும் கையைக் கிட்டே கொண்டுபோனால் அந்த மரு வெடவெடவென்று நடுங்கும், நெடுநகன் குரலில், “ஐயோ நகம்! என் நகம்!” என்று முனகும்.

ஊரே தொழுவத்து வாசலில் நின்றது. ராசா வந்தார். தோல்பை தைக்கிறவன் ஊசியோடு வந்தான். நெடுநகன் பசுவின் மடியைக் காட்டிக் கெக்கலி கொட்டினான்.

“ஒண்ணு நிக்குது! தோத்துட்டா! தெச்சு விடுங்க!”

“நிக்கிற ஒண்ணைப் பத்தி நான் சொல்றேன் ராசா” என்றாள் நாச்சாயி. “அதுக்கு முன்னால இன்னொண்ணு சொல்லணும். என் செவலைக்கு ஏன் மரு வரலைன்னு கேட்டீங்க. ஏழு வருசமா நான் பட்டத்து மடியை முதல்ல தொட்டதே இல்லை. என் கன்னுக்குப் பசிச்சுது. கையக் கழுவிட்டு என் மாட்டைத்தான் முதல்ல கறந்தேன். அதான் அது நல்லா இருக்குது. உங்க வழக்கப்படி தொட்ட மாடெல்லாம் கெட்டுப்போச்சு.”

கூட்டம் மூச்சை இழுத்தது. ராசாவின் முகம் வெளுத்தது. “நீயா இதைச் சொல்லியிருக்க வேண்டாமே நாச்சாயி. கல்லுல வெட்டினதை நான் எப்படி...”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.” அவள் இரண்டு கையையும் நீட்டினாள். “தைக்கிறதுன்னா தைங்க. ஆனா தைக்க வர்றவன் கையக் கழுவிட்டு வரட்டும்.”

தோல்பைக்காரன் அறியாமல் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று சொல்லவும் வேண்டுமா?

“அப்படின்னா என் கையையும் தைங்க!” மாராக்கா ஒரு பெரிய செம்பு நிறையத் தண்ணீரோடு முன்னால் வந்தாள். “எட்டு நாளாக் கழுவிட்டுத்தான் காரியைக் கறக்கறேன். ஒரு மருகூடப் புதுசா வரலை. நான்தான் எதிர்வீட்டுக்காரிக்கும் சொன்னேன். எனக்கு மெதுவாச் சொல்ல வராதுங்க, அது ஊருக்கே கேட்டுப்போச்சு.”

“என் கையையும்” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“என் கையையும்.” “எங்க வீட்டுல மூணு பேர் கையையும்.”

நாற்பது வீட்டுக் கைகளும் நீண்டன. வயசான கை, வளையல் கை, காய்ப்பு ஏறிய கை, எல்லாம் கழுவிய கை. ராசா ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை பார்த்தார்.

“எல்லாத்தையும் தெச்சுட்டா... நாளைக்கு யாரு கறக்கறது?” என்றார் மெதுவாக.

“நான் கறக்கறேன்!” என்று நெடுநகன் பசுவை நோக்கிப் பாய்ந்தான். பத்து நகமும் மடியை நோக்கி நீண்டன. நாச்சாயி குறுக்கே வந்து நின்றாள்.

“கழுவிட்டுத் தொடு.”

“தள்ளி நில்லு!”

“கழுவிட்டுத் தொடு!” என்றாள் மாராக்கா, செம்பை நீட்டி.

“கழுவிட்டுத் தொடு!” என்றது ஊர்.

நெடுநகன் தண்ணீரைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தான். வேலப்ப ராசா அவனையே உற்றுப் பார்த்தார். இத்தனை நாளும் சத்தமாகப் பேசியவன் அவன் ஒருவன்தான். இன்றைக்கு அவனைவிடச் சத்தமாக ஊர் பேசியது. பழக்கதோசத்தில் ராசா அதை நம்ப ஆரம்பித்தார். ஆனால் அதன் பிறகு கேட்டாரே ஒரு கேள்வி, அது அவருடைய சொந்தக் கேள்வி.

“கழுவேன்யா. தண்ணிதானே?”

நெடுநகன் திரும்பி ஓடப் பார்த்தான். பட்டத்துப் பசு ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு உதையை அப்போதுதான் விட்டது. மாராக்காவின் செம்பு பறந்து, தண்ணீர் முழுக்க அந்தப் பத்து விரல்மேலும் கொட்டியது.

‘பொட், பொட், பொட்’ என்று நகங்கள் உதிர்ந்தன. பத்தாவது நகம் விழவும் தாய் மரு கழன்று தரையில் உருளவும் சரியாக இருந்தது. கரட்டின் மேல் இடி விழுந்தாற்போல ஒரு சத்தம், கொப்பரை வெடித்தது. வெள்ளை வெளேரென்று பால் பாறை பாறையாக வழிந்து இறங்கியது. பால் பட்ட பாறை ஒவ்வொன்றும் சிலிர்த்தது, வால் முளைத்தது, ‘அம்மா’ என்று கத்தியது. முப்பது மாடும் நுரையைத் தெறிக்கவிட்டுக்கொண்டு வீடு பார்த்து ஓடி வந்தன.

பாதையில் கட்டியிருந்த செவலை அவற்றைப் பார்த்து, “மெதுவா, மெதுவா, என் கன்னு நிக்குது” என்றது.

ராசா நாச்சாயியைப் பார்த்தார். “என்ன வேணும் கேளு. பொன்னா? நெலமா?”

“அந்தக் கல்லு வேணுமுங்க.”

“எந்தக் கல்லு?”

அவள் காட்டினாள். பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. நாற்பது வீட்டுப் பெண்களும் கல்லைப் பெயர்த்து, எழுத்து மண்ணைப் பார்க்கக் குப்புறக் கவிழ்த்தார்கள். முதுகுப் பக்கம் வழவழவென்று இருந்தது. தொழுவத்துக்குள் நுழைகிற எவரும் அதன்மேல் நின்று கை கழுவ வேண்டும் என்று ஆனது. தண்ணீர் ஊற்றும் வேலையை நாச்சாயி நெடுநகனுக்குக் கொடுத்தாள். மாட்டுக்கு ஒரு செம்பு என்று தினமும் நூறு செம்பு. நகம் போன பிறகு அவன் கையும் மற்றவர் கை மாதிரித்தான் இருந்தது. நாலு மாதம் கழித்து ஒரு கன்று தானாக வந்து அந்தக் கையை நக்கியது. அவன் அழுதுவிட்டான் என்று சொல்வார்கள்.

மற்ற மாடுகளின் மருக்கள் ஒரே நாளில் போய்விடவில்லை. முடி கட்டி, இறுக்கி, வேப்பிலை வெண்ணெய் தடவி, தை போய் மாசியும் பாதி போய்விட்டது. வெள்ளச்சியின் வால் வழுக்கையாகிவிட்டது. அதற்குப் பதிலாக ராசா தினமும் ஒரு படி கொள்ளு கொடுத்து, பட்டில் ஒரு வால் தைத்துக் கட்டிவிட்டார். “ஈ விரட்ட ஆகாது, பார்க்க நல்லா இருக்கு” என்றது வெள்ளச்சி.

இப்போது ஊர் மாடெல்லாம் அரண்மனைத் தொழுவத்துக்கே வந்தன, கறவைக்கு ஒரு புது வரிசையும் வந்தது. மரு இல்லாத மாடு முதலில், மருவுள்ள மாடு கடைசியில். செவலைதான் முதல். தாய் மரு விழுந்த புண் ஆற ஒரு மாதம் பிடித்ததால் பட்டத்துப் பசு எல்லாருக்கும் கடைசியில். அதற்கு அதில் ஏகக் குஷி, நன்றாகத் தூங்கி எழுந்து வந்தது.

ஆனால் ராசாவுக்குக் காலையில் பால் வேண்டுமே. கையில் வெள்ளிச் செம்போடு அவரும் வந்து வரிசையின் கோடியில் நின்றார். முதல் நாள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எட்டி எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“நாச்சாயி, என் முறை எப்போ?”

செவலையின் மடியிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள்:

“வரும் ராசா. அதுக்குள்ள கையக் கழுவிட்டு நில்லுங்க.”

ராசா கல்மேல் ஏறிக் கையை நீட்டினார். கதை அங்கே நிற்கிறது, கறவை நேரம் இங்கே வந்துவிட்டது. கேட்டவர்களெல்லாம் எழுந்திருங்கள். செம்பு அப்புறம், முதலில் கை.